நாளைய நெரிசல் யார் விதித்த விதி?

இங்கிலாந்தின் இரண்டாவது பெரிய நகரமான பர்மிங்காமைச் சுற்றி இன்று மோட்டார்வேக்கள் வளையமாக ஓடுகின்றன. மேற்கே எம்5, வடக்கே எம்6, தெற்கிலும் கிழக்கிலும் எம்42. எம்6 தாங்காமல் போனதால் அதற்கும் வடக்கே எம்6 டோல் என்ற கட்டணச் சாலை 2003 டிசம்பரில் வந்து சேர்ந்தது. ஊருக்குள் வேலை இல்லாத வண்டி ஊரைச் சுற்றிப் போகட்டும் என்பது புறவழிச்சாலையின் நோக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த வளையத்தின் தென்பகுதியைத் திட்டமிட்டபோது எழுந்த வழக்கு ஒன்று, பொறியாளர்களையும் வழக்கறிஞர்களையும் தாண்டி, ஊழைப் பற்றி யோசிக்கிறவர்களின் கைக்கு வந்திருக்க வேண்டியது. இன்னும் இருபது ஆண்டில் இந்த வழியாக இத்தனை வண்டிகள் போகும் என்று அரசு ஓர் எண்ணைச் சொல்கிறது. அது நடக்கப்போவதைப் பற்றிய அறிவா, அல்லது நடத்தப்போவதைப் பற்றிய முடிவா? அறிவு என்றால் அதைச் சோதிக்கலாம். முடிவு என்றால் முடிவெடுத்தவரைக் கேள்வி கேட்கலாம். பர்மிங்காமில் அந்த எண் இரண்டுக்குமே பிடிகொடுக்காமல் தப்பியது.

1973இல் எம்42இன் ஒரு பகுதிக்கும் அதோடு வந்து சேரும் எம்40இன் ஒரு பகுதிக்கும் பொது விசாரணை தொடங்கியது. பிரிட்டனின் அன்றைய நடைமுறையில் அமைச்சர் வரைவு ஆணையை வெளியிடுவார். நிலம் போகிறவர்களும் சுற்றுவட்டாரத்து மக்களும் ஆட்சேபம் தெரிவிப்பார்கள். ஆய்வாளர் ஒருவர் உட்கார்ந்து எல்லாரையும் கேட்டு அமைச்சருக்கு அறிக்கை தருவார். கடைசி முடிவு அமைச்சருடையது. அந்த விசாரணையில் அமைச்சரின் துறை காட்டிய எண்கள் 'சிவப்புப் புத்தகம்' என்று பேச்சுவழக்கில் சொல்லப்பட்ட 1968ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி போட்டவை. ஆட்சேபித்தவர்கள், இந்தக் கணக்கு முறை சரிதானா என்று துறையின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்றார்கள். ஆய்வாளர் அனுமதிக்கவில்லை. தங்கள் தரப்புச் சாட்சியத்தை வைத்துக்கொள்ளலாம், துறையின் சாட்சியைக் கூண்டில் நிறுத்திக் கேட்கக் கூடாது என்பது அவர் கட்டளை. இதைவிட விசித்திரமானது பிறகு நடந்தது. விசாரணை முடிந்தபின் துறையே தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. பழைய சாலைகள் முன்பு நினைத்ததைவிட அதிக வண்டிகளைத் தாங்கும், போக்குவரத்து முன்பு நினைத்ததைவிட மெதுவாகவே வளரும் என்று புதிய முறை காட்டியது. அப்படியானால் விசாரணையை மறுபடி திறங்கள் என்று ஆட்சேபித்தவர்கள் கேட்டார்கள். அமைச்சர் மறுத்து, 1976இல் ஆணைகளை உறுதிசெய்தார். வழக்கு போய்ச் சேர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டென்னிங் பிரபு முதலானோர் ஆட்சேபித்தவர்கள் பக்கம் நின்றார்கள். 1980இல், அன்றைய இறுதி நீதிமன்றமான பிரபுக்கள் அவை அதை மாற்றியது. டிப்ளாக் பிரபு எழுதிய முதன்மைத் தீர்ப்பின்படி, அந்தக் கணக்கு முறை நாடு முழுவதற்குமான அரசின் கொள்கையோடு பிரிக்க முடியாதபடி கலந்தது. ஓர் உள்ளூர் விசாரணையில் குறுக்கு விசாரணை செய்து தீர்க்கும் விஷயம் அது இல்லை.

இதில் உள்ள தந்திரம் எந்தத் தனிமனிதரும் செய்ததன்று என்றே நினைக்கிறேன். அமைப்பே அதைச் செய்கிறது. நிலம் இழக்கப்போகும் விவசாயியிடம் வரும்போது எண் உண்மையின் உடுப்பில் வருகிறது: வண்டிகள் வரப்போகின்றன, நாங்கள் என்ன செய்வது, இடம் கொடுத்தாக வேண்டும். சரி, அந்த உண்மையைச் சோதித்துப் பார்க்கலாம் என்று அவர் எழுந்தால், அதே எண் கொள்கையின் உடுப்புக்கு மாறிவிடுகிறது: இது அரசின் முடிவு, இங்கே விவாதிக்க முடியாது. இயற்கையின் கட்டாயத்துக்கு இருக்கும் மறுக்கமுடியாமையும் ஆட்சியாளரின் விருப்பத்துக்கு இருக்கும் சுதந்திரமும் ஒரே எண்ணுக்குக் கிடைத்துவிடுகின்றன. என் வாதம் இதுதான்: பெருஞ்சாலைக்கான போக்குவரத்துக் கணிப்பு பெருமளவுக்கு ஒரு முடிவு. அதை விதியாகப் பேசுவது தவறான கணக்கு என்பதோடு அறப்பிழையும் ஆகும். செய்கிறவன் தன் செயலைத் தனக்கு நேர்ந்ததாகச் சொல்வதே அந்தப் பிழை.

இந்தப் பிழையை நம் பக்கத்துச் சிந்தனை மிகப் பழைய காலத்திலேயே இனம் கண்டது. மக்கலி கோசாலரின் ஆசீவகம், எல்லாம் நியதிப்படியே நடக்கும், மனித முயற்சியால் ஆவது எதுவும் இல்லை என்றது. எறிந்த நூலுண்டை தன் நூல் தீரும் வரை உருண்டு ஓய்வதைப் போல உயிர்கள் தமக்கு அளந்த பிறவிகளை ஓடித் தீர்க்கும் என்பது அந்த நெறியின் உவமையாகப் பௌத்த நூல்களில் பதிவாகியிருக்கிறது. புத்தருக்கு இந்தக் கொள்கையின்மேல் இருந்த கோபம் அசாதாரணமானது. நெய்த துணிகளிலெல்லாம் மயிர்க் கம்பளம் இழிந்தது போல, கொள்கைகளிலெல்லாம் மக்கலியுடையது இழிந்தது என்று அவர் சொன்னதாகப் பாலி நூல் கூறுகிறது. தமிழில் பௌத்த நூலான மணிமேகலையும் சமண நூலான நீலகேசியும் ஆசீவகருக்கு இடம் கொடுத்துக் கேட்கின்றன. நீலகேசி எதிர்வாதமும் செய்கிறது. பௌத்தரும் சமணரும் தமக்குள் எத்தனையோ விஷயங்களில் மோதியவர்கள், இதில் மட்டும் ஏன் ஒரே பக்கம் நின்றார்கள்? நியதி என்று ஒப்புக்கொண்ட மறுகணம் செய்தவன் என்று ஒருவன் இல்லாமல் போகிறான். கொலைக்கும் கொடைக்கும் பொறுப்பாளி கிடையாது. வள்ளுவர் ஊழுக்குத் தனி அதிகாரம் கொடுத்தவர்தான். ஆனால் அதை அறத்துப்பாலின் கடைசியில் வைத்தார். அரசனுக்கும் அமைச்சனுக்கும் உரிய பொருட்பாலில் அவர் வைத்தது ஆள்வினையுடைமை. இந்த வைப்புமுறையை நான் இப்படிப் படிக்கிறேன்: தனக்கு நேர்ந்த துயரத்தைப் பொறுத்துக்கொள்ள ஒருவன் ஊழை நினைக்கலாம், பிறர் நிலத்தின் மேல் ஆணை இடும் ஒருவன் நினைக்கக் கூடாது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எதிர்காலத்தைச் சொல்வதெல்லாம் நியதிவாதம் ஆகாது. விவிலியத்தில் யோனா நினிவே நகரத்துக்குப் போய், நாற்பது நாளில் ஊர் அழியும் என்று அறிவிக்கிறார். ஊர் கேட்டுத் திருந்துகிறது, அழிவு வரவில்லை. யோனாவுக்கோ தன் வாக்குப் பொய்த்ததில் கோபம். ஆனால் அந்தக் கதையின் கடவுளுக்கு வாக்குப் பலிப்பது முக்கியமாகப் படவில்லை. எச்சரிக்கை கேட்கப்பட்டது, அதுவே போதும். கம்சன் கதை இதற்கு மறுகோடி. தேவகியின் எட்டாவது பிள்ளையால் சாவு என்ற அசரீரியைக் கேட்டு, தப்பிக்க அவன் செய்த ஒவ்வொன்றும் அந்தச் சாவுக்கே வழி அமைக்கிறது. அங்கே சொல் மாறாது. கேட்பவன் என்ன செய்தாலும் அது பலிக்கும். போக்குவரத்துக் கணிப்பு இவை இரண்டிலும் சேராது. அதைத் தடுக்கவும் யாரும் முனைவதில்லை, தப்பி ஓடவும் யாரும் முனைவதில்லை. அதற்குக் கீழ்ப்படிகிறார்கள், கீழ்ப்படிவதாலேயே அது பலிக்கிறது. ஆறு தடச் சாலை வேண்டும் என்று கணிப்பு சொல்ல, ஆறு தடம் போட, ஆறு தடத்துக்கும் வண்டி வந்து சேர, பார்த்தீர்களா என்கிறார்கள்.

அப்படி வந்து சேர்வதற்குச் சான்று ஏராளம். லண்டனைச் சுற்றும் 188 கிலோமீட்டர் எம்25ஐ 1986 அக்டோபரில் மார்கரெட் தாட்சர் திறந்துவைத்தார். நாளொன்றுக்கு 88,000 வண்டிகளுக்கென்று வடிவமைத்த அந்தச் சாலையில் 1993இல் 2,00,000 வண்டிகள் ஓடின. எங்கிருந்து வந்தன? அதுவரை துறையின் திட்டக் கணக்குகள் பொதுவாக ஓர் அனுமானத்தின் மேல் நின்றன: சாலை போட்டாலும் போடாவிட்டாலும் மக்களின் மொத்தப் பயணங்கள் மாறா, அவர்கள் போகும் வழிதான் மாறும். மக்கலியின் நூலுண்டைக்கு இதைவிடப் பொருத்தமான கணித வடிவம் கிடைக்காது. பயணங்கள் முன்பே அளந்து வைத்தாயிற்று, சாலை அவற்றுக்கு இடம் மட்டும் தருகிறது. பெருஞ்சாலைத் திட்டங்களை மதிப்பிட அரசே அமைத்திருந்த நிலையான ஆலோசனைக் குழு 1994இல் தந்த அறிக்கையில் இந்த அனுமானத்தைக் கைவிட்டது. புதிய சாலை புதிய பயணங்களை உண்டாக்குகிறது, நெரிசல் மிகுந்த இடங்களில் குறிப்பாக உண்டாக்குகிறது என்று அது கண்டது. அரசும் அதை ஏற்றது. இதில் மாயம் ஒன்றுமில்லை. பயண நேரம் குறைந்தால் தொலைவில் வேலை தேடலாம், தொலைவில் வீடு வாங்கலாம், நான்கு சிறு கிடங்குகளை மூடிவிட்டு மோட்டார்வே ஓரத்தில் ஒரே பெரிய கிடங்கு வைக்கலாம். எம்42இன் சந்திப்புகளில் இன்று இருக்கும் வணிகப் பூங்காக்களையும், ஹாம்ஸ் ஹால், பர்ச் காப்பிஸ் போன்ற சரக்குக் கிடங்கு வளாகங்களையும் பார்த்தால் போதும். அவை சாலையைத் தேடி வந்தவை. சாலை போடுவதற்கு முன்பே கணிப்பு வேலை செய்யத் தொடங்கிவிடுவதும் உண்டு. வரைபடத்தில் கோடு விழுந்த அன்றே கோட்டின் கீழ் இருக்கும் வீட்டை வாங்க ஆள் வருவதில்லை. கூரையை மாற்ற அந்த வீட்டுக்காரருக்கே மனம் வராது. பத்தாண்டு கழித்து வரும் அதிகாரி, இங்கே இடிக்க முடியாத அளவுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பார். எம்6 டோல் என்று பின்னால் பெயர் பெற்ற சாலைக்கு, திட்டம் பேசப்பட்ட 1980லிருந்து திறந்த 2003 வரை இருபத்துமூன்று ஆண்டுகள் ஆயின.

இதற்கு முதலில் வரும் மறுப்பு வலுவானது. எம்42 நிரம்பிவிட்டதே! 2006இல் அதன் ஒரு பகுதியில், பழுதான வண்டி ஒதுங்குவதற்கென்று விட்டிருந்த ஓரத்தடத்தையே நெரிசல் நேரத்தில் ஓடுதடமாகத் திறக்க வேண்டி வந்தது. பிரிட்டனில் அதுவே முதல் முறை. அப்படியானால் துறை சொன்னது சரி, ஆட்சேபித்தவர்கள் சொன்னது தவறு என்றுதானே ஆகிறது? ஆகாது. கணிப்பு பலித்ததா என்று பார்க்க வேண்டுமானால், கணிப்பின்படி யாரும் எதுவும் செய்யாத ஓர் உலகம் வேண்டும். எம்42 போடாத பர்மிங்காம் ஒன்று எங்காவது இருந்தால் ஒப்பிடலாம், இல்லை. போட்ட சாலை நிரம்பியதை வைத்துக் கணிப்பை மெச்ச முடியாது. ஆனால் கணிப்பைப் பின்பற்றாத ஒரு சந்தர்ப்பம் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1989இல் அரசு, 2025க்குள் நாட்டின் போக்குவரத்து 83 முதல் 142 விழுக்காடு வரை வளரும் என்று அறிவித்து, பெரும் சாலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பணநெருக்கடியாலும் எதிர்ப்பாலும் 1990களின் நடுவில் அந்தத் திட்டத்தில் பெரும்பகுதி வெட்டப்பட்டது. போக்குவரத்து வளரத்தான் செய்தது. ஆனால் அந்த 83ஐக்கூட எட்டவில்லை. சாலைகளைப் போடாததால்தான் எட்டவில்லை என்று அன்றைய திட்டத்தின் ஆதரவாளர் ஒருவர் சொல்லக்கூடும். சொல்லட்டும். சாலைதான் வண்டியைக் கொண்டுவருகிறது என்பதை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகும்.

அடுத்த மறுப்பு பொருளாதார அறிஞர்களுடையது; எனக்கு முந்தியதைவிட இது கடினமாகப் படுகிறது. புதிய பயணங்கள் உண்டாகின்றன என்றால் என்ன பொருள்? முன்பு போக முடியாதவர்கள் இப்போது போகிறார்கள். மகளைப் பார்க்கப் போகிறார்கள், நல்ல சம்பளத்துக்குப் போகிறார்கள். அது நன்மைதானே? நெரிசல் தீரவில்லை என்பதற்காகச் சாலை வீண் என்று சொல்வது, எல்லாரும் சாப்பிட வந்துவிட்டார்கள் என்பதற்காகப் பந்தியைக் குறை சொல்வதைப் போன்றது. இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒப்புக்கொண்டவுடன் வாதத்தின் தளமே மாறிவிடுவதைக் கவனியுங்கள். தேவை, கட்டாயம், வேறு வழியில்லை என்ற பேச்சு போய்விட்டது. இப்போது பேசுவது விருப்பங்களை. விருப்பம் மதிக்கத்தக்கதுதான், ஆனால் அது மற்ற விருப்பங்களோடு தராசில் ஏற வேண்டியது: பக்கத்துக் கிராமத்தின் அமைதி, வண்டி இல்லாதவரின் பேருந்து, விளைநிலம். விருப்பம் எப்படி உருவாகிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஆசைக்குத் தீனி போட்டால் அது அடங்கும் என்று நம் சமயங்களில் எதுவும் சொன்னதில்லை. எம்6 டோலின் அனுபவம் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்கது. நாளுக்கு 72,000 வண்டிகளுக்கென்று போட்ட பழைய எம்6இல் 1,80,000 வரை ஓடுவதால் மாற்றுவழி கட்டாயம் என்றார்கள். மாற்றுவழி வந்தது, சுங்கக் கட்டணத்தோடு. எதிர்பார்த்த அளவு வண்டிகள் வரவில்லை; குறிப்பாக லாரிகள் பெரும்பாலும் நெரிசலோடு பழைய வழியையே தேர்ந்துகொண்டன; நடத்திய நிறுவனம் பல ஆண்டுகள் நட்டத்தில் ஓடியது. சில பவுன் கட்டணத்தில் கரைந்துபோகும் ஒன்றைக் கட்டாயம் என்று சொல்வதெப்படி? (அந்தச் சாலையின் மேற்பரப்பில் விற்காமல் போன இருபத்தைந்து லட்சம் காதல் நாவல்களைக் கூழாக்கிக் கலந்ததாக அப்போது செய்தி வந்தது, ஆசையின் மேல் சாலை போட்டதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.) ஆனால் நியாயமாகப் பேச வேண்டுமானால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டணம் ஒருவனின் தேவையை மட்டும் அளப்பதில்லை, அவன் பணப்பையையும் சேர்த்தே அளக்கிறது. ஏழையின் அவசியம் கட்டணத்தின் முன்னால் ஆசையைப் போலவே மறைந்துபோகும். எனவே டோலை வைத்து எது உண்மையான தேவை என்று கண்டுபிடித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை கல்லில் எழுதியதன்று, நாம் வைக்கும் நிபந்தனைகளைப் பொறுத்துக் கூடும், குறையும் என்ற அளவுக்கு மட்டும் அது சான்று.

கடைசி மறுப்பு டிப்ளாக்குடையதே. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விசாரணையிலும் நாடு தழுவிய கணக்கு முறையைப் பிய்த்துப் போட்டு விவாதித்தால், பர்மிங்காமில் ஒரு விடை வரும், வின்செஸ்டரில் வேறொரு விடை வரும். அரசு நடத்த முடியாது. அப்படிப்பட்ட விவாதத்துக்கு உரிய இடம் நாடாளுமன்றம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. 1970களின் நடுவில் ஜான் டைம் போன்ற சாலை எதிர்ப்பாளர்கள் விசாரணைகளில் எழுந்து நின்று, சாலை எப்படிப் போக வேண்டும் என்று கேட்கும் நீங்கள் சாலை வேண்டுமா என்று கேட்க விடமாட்டீர்களா என்று கூச்சலிட்டதும், ஆய்வாளர்கள் ஒத்திவைத்துவிட்டு வெளியேறியதும் ஆட்சிக்கு அழகான காட்சிகள் இல்லை. ஆனால் விவாதத்தை வேறு இடத்துக்கு அனுப்புகிறவர், அந்த வேறு இடத்தில் விவாதம் நடப்பதை உறுதிசெய்ய வேண்டாமா? உள்ளூரில் கொள்கை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய எண், தலைநகரில் நிபுணர்களின் கண்டுபிடிப்பு என்று மரியாதை பெற்று, கேள்வியின்றிக் கடந்துபோனால், அது எங்குமே விசாரிக்கப்படவில்லை. அரசு நியமித்த லீட்ச் குழு 1977இலேயே இந்த நோயைத் தொட்டது. ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்று நிச்சயமின்மையோடு கணிப்பைச் சொல்லுங்கள் என்றது. சிறிய யோசனைதான். ஆனால் ஒற்றை எண் கட்டளை இடும், எல்லைகளோடு வரும் எண் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். தேர்ந்தெடுத்தவர் யார் என்று அப்போது கேட்க முடியும்.

இதெல்லாம் சாலைக்கு எதிரான வாதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சிற்றூரின் தெரு நடுவே இன்று லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தால், அந்தத் தெருவில் இருக்கும் முதியவருக்குத் தெருவைக் கடக்க முடியவில்லை என்பது கணிப்பு இல்லை. கண்ணால் காணும் துன்பம். அதைத் தீர்க்கப் புறவழிச்சாலை வேண்டும் என்று சொல்லும் அமைச்சர் நேர்மையாகப் பேசுகிறார். நான் செய்கிறேன், இன்ன காரணத்துக்காக, இன்னாரின் நிலத்தை எடுத்து என்று அவரால் சொல்ல முடியும். இருபது ஆண்டு கழித்து வரும் வண்டிகளுக்காக இன்று இரட்டிப்பு அகலம் வேண்டும் என்று சொல்லும்போதும் அதே இலக்கணத்தில் பேசட்டும்: வண்டிகள் வரும் என்று சொல்லாமல், இத்தனை வண்டிகள் வரும்படி செய்ய முடிவெடுத்திருக்கிறோம் என்று சொல்லட்டும். அப்படிச் சொன்னபின் சாலையைப் போட்டாலும் குற்றமில்லை. எதிர்த்தவர்கள் தோற்றாலும் யாரிடம் தோற்றோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1980 வழக்கைக் கேட்ட ஐந்து பிரபுக்களில் எட்மண்ட்-டேவிஸ் ஒருவர் மட்டும் மாறுபட்டார். கணக்கு முறை உண்மை சார்ந்தது, அதைச் சொல்லும் சாட்சியைக் கேள்வி கேட்க விடாதது இயற்கை நீதிக்கு விரோதம் என்று எழுதினார். நால்வரின் தீர்ப்பே சட்டமானது. அறத்தின் கணக்கில் அந்த ஒருவர் சொன்னதே சரி.